சிலோன்காரர் பல்லும் நார்வே டாக்டரும்

போன ஐப்பசியில் கிழங்கு தோண்டிக்கொண்டிருந்த நாள். மதியம் தோட்டத்திலேயே உட்கார்ந்து சோறு தின்னும்போது என் கீழ்வரிசை முன்பல் ஒன்று கையோடு வந்துவிட்டது. வலியே இல்லை. ரொம்ப நாளாக ஆடிக்கொண்டிருந்த பல்தான். துடைத்துப் பார்த்தால் முழுப் பல். ஓட்டை இல்லை, கறுப்பு இல்லை. வேர்ப்பக்கம் மட்டும் சிமெண்டு அப்பின மாதிரி காரை பிடித்திருந்தது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த சிலோன்காரர் அதை வாங்கி வெயிலில் திருப்பிப் பார்த்தார். "எனக்கும் இப்படித்தான் தம்பி உதுந்துச்சு. ஒண்ணுகூடச் சொத்தை கெடையாது. ஆடும், ஆடும், அப்புறம் ஒரு நா தானா வந்துரும்" என்றார். அவர் வாயில் இப்போது ஒரு பல் கிடையாது. சோத்தைக் குழம்பில் ஊறவைத்து ஈறாலேயே மென்று விழுங்குவார்.

சிலோன்காரர் என்றுதான் ஊரே கூப்பிடுகிறது. நான் அண்ணே என்பேன். எழுபத்தஞ்சு வயசு இருக்கும். முப்பது வருஷமாக எங்க காட்டில் பூண்டு வேலை, கிழங்கு வேலை என்றால் அவர் இல்லாமல் நடக்காது. இப்போது வேலை செய்ய முடியாது, ஆனாலும் வந்து வரப்பில் உட்கார்ந்துகொள்வார்.

பல்லை ஒரு தீப்பெட்டியில் போட்டு வைத்திருந்தேன். தீபாவளி லீவுக்கு என் அண்ணன் மகள் வந்தாள். பல் டாக்டருக்குக் கீழே சமவெளியில் படிக்கிற பிள்ளை. தீப்பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு முதலில் என்னைத் திட்டினாள். அப்புறம் சிலோன்காரர் சொன்னதைச் சொன்னேன். ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தவள், "சித்தப்பா, எங்க புஸ்தகத்துல இதைப் பத்தி ஒரு பெரிய ஆராய்ச்சி வரும். யார் வாயை வச்சு அதைப் பண்ணாங்கன்னு தெரியுமா? சிலோன் தேயிலைத் தோட்டத்துத் தமிழாளுங்க" என்றாள்.

நான் பள்ளிக்கூடத்தோடு நின்றவன். இங்கிலீஷ் கட்டுரை படிக்கிற அளவுக்கு ஆகாது. அவள் லீவு முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்துச் சொன்னாள். காலேஜுக்குப் போன பிறகும், இங்கே சிக்னல் கிடைக்கிற மேட்டில் நின்றுகொண்டு போனில் கேட்டேன். அப்படிக் கேட்டு எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் எங்க ஊர்ப் பல்லைப் பற்றி இரண்டு வார்த்தை. சென்னையிலிருந்து படிக்கிறவர்கள், கிராமத்து ஆள் என்றாலே வேப்பங்குச்சியில் பல் விளக்குவார்கள், அதனால் பல் இரும்பு மாதிரி இருக்கும் என்று நினைக்கிறீர்கள். கிளாவரையில் வேம்பு கிடையாது. இந்தக் குளிருக்கு வராது. ஆலும் கிடையாது. ஆலும் வேலும் பழமொழியெல்லாம் கீழே இருக்கிறவர்களுக்கு. மேல்மலையில் எங்க அப்பா காலத்தில் அடுப்புச் சாம்பல்தான், இல்லாவிட்டால் கரித்தூள். விரலால் முன்பல்லை நாலு தேய்ப்பு, உள்ளே போகிற தண்ணீர் பல்லைக் கூசவைக்கும், துப்பிவிட்டு அடுப்பங்கரைக்கு ஓடிவிடுவோம். பல்லுக்கு உள்பக்கம் என்று ஒன்று இருப்பதே எனக்கு முப்பது வயசுக்கு மேலேதான் தெரியும். பல் வலித்தால் பூண்டை நசுக்கி வைப்பார்கள். மலைப்பூண்டு காரத்துக்கு ஈறு வெந்து போகும். வலி போச்சா, ஈறு வெந்த வலியில் அது மறந்து போச்சா என்று சொல்ல முடியாது.

நாற்பத்தொரு வயசில் எனக்கு இரண்டு கடைவாய்ப் பல் ஆடியது. கொடைக்கானலுக்குப் போக பஸ்ஸில் நாற்பது கிலோமீட்டருக்கு மேல், பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி எல்லாம் சுற்றி வர வேண்டும். போய் ஒரு டாக்டரிடம் காட்டினேன். பத்து நிமிஷத்தில் இரண்டையும் பிடுங்கிக் கையில் கொடுத்தார். ஏன் ஆடுச்சு என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வயசானால் பல் ஆடும் என்று நினைத்துக்கொண்டேன். ஆடு மாடுக்கு ஆகிறதுதானே.

இந்த நினைப்பு எனக்கு மட்டும் இல்லையாம். அறுபது எழுபது வருஷத்துக்கு முன்னால் டாக்டர்களுக்கே பல் ஆடுவதன் காரணம் தெளிவாக இல்லை. சத்துக் குறைவு என்றார்கள், வயசு என்றார்கள், கடிக்கிற முறை சரியில்லை என்றார்கள். ஹெரால்டு லூ என்று ஒரு நார்வேக்காரர். 1926ல் பிறந்தவர். டென்மார்க்கில் ஆர்ஹஸ் என்ற ஊர்ப் பல் மருத்துவக் கல்லூரியில் வேலை பார்த்தார். 1965ல் ஒரு சின்ன சோதனை செய்து எழுதினார். நல்ல ஈறு உள்ள 12 பேரைப் பிடித்தார். ஒன்பது பேர் பல் மருத்துவம் முதல் வருஷம் படிக்கிற மாணவர்கள், ஒருவர் வாத்தியார், இரண்டு பேர் ஆய்வுக்கூடத்து ஆட்கள். இனிமேல் பல் விளக்காதீர்கள் என்றார். அவ்வளவுதான் சோதனை. பத்து நாளிலிருந்து இருபத்தோரு நாளுக்குள் பன்னிரண்டு பேருக்கும் ஈறு வீங்கிச் சிவந்துவிட்டது. மறுபடி விளக்கச் சொன்னார். ஒரு வாரம் பத்து நாளில் சரியாகிவிட்டது.

பல்லில் படிகிற மாவு மாதிரி அழுக்கு, அதில் இருக்கிற கிருமி, இதுதான் ஈறு வீங்கக் காரணம் என்று அன்றைக்கு முடிவானது. கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. பன்னிரண்டு பேர் மூன்று வாரம் பல் விளக்காமல் இருந்ததா உலகப் புகழ் பெற்ற ஆராய்ச்சி? எங்க ஊரில் மார்கழி மாசம் முழுக்க அந்த ஆராய்ச்சி நடக்கும்.

ஆனால் அடுத்த கேள்விதான் பெரிசு. ஈறு வீங்குவது மூன்று வாரத்தில் தெரிந்துவிடும். வீங்கின ஈறு அப்படியே விட்டால் பத்து வருஷத்தில் என்ன ஆகும், இருபது வருஷத்தில் என்ன ஆகும்? பல் எப்போது விழும்? இதை மாணவர்களை வைத்துப் பார்க்க முடியாது. எந்த மாணவன் இருபது வருஷம் பல் விளக்காமல் இருப்பான்? பல் டாக்டர் கையே படாத, பிரஷ் பிடிக்காத ஆட்கள் வேண்டும். அதே ஆட்கள் வருஷக்கணக்காக ஒரே இடத்தில் இருக்கவும் வேண்டும், திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்க.

அப்படி ஓர் இடம் அவருக்குக் கிடைத்தது. இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டம்.

1969ல் ஒஸ்லோ நகரத்தில் 565 ஆண்கள், மாணவர்களும் படித்த உத்தியோகஸ்தர்களும், வாயைப் பார்த்துக் கணக்கெடுத்தார்கள். அந்த ஊரில் நாற்பது வருஷமாகவே சின்னப் பிள்ளையிலிருந்து வருஷா வருஷம் பல்லைப் பார்த்துச் சரிசெய்கிற ஏற்பாடு உண்டு. அது ஒரு பக்கம். மறுபக்கம் 1970ல் இலங்கைத் தேயிலைத் தோட்டத்து ஆண் தொழிலாளிகள் 480 பேர். இரண்டு பக்கமும் இளவயசு ஆட்கள். அளவுக்கோடு போட்ட மெல்லிய கம்பியைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே விட்டு, பல்லின் பிடிமானம் எத்தனை மில்லிமீட்டர் கீழே இறங்கியிருக்கிறது என்று ஒவ்வொரு பல்லுக்கும் அளந்து எழுதினார்கள். 1971, 1973, 1977, 1982, 1985 என்று திரும்பத் திரும்ப வந்து அதே ஆட்களைத் தேடிப் பிடித்து அளந்தார்கள்.

இந்த வருஷங்களை அண்ணன் மகள் படித்துச் சொன்னபோது சிலோன்காரரும் எங்க வீட்டு அடுப்புப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அவர் வேறொரு கணக்கு வைத்திருந்தார்.

அது எந்தக் கணக்கு என்று புரிய, அந்தத் தோட்டத்து ஆட்கள் யார் என்று தெரியவேண்டும். வெள்ளைக்காரன் காலத்தில் முதலில் காப்பிக்கும் அப்புறம் தேயிலைக்கும் நம்ம மதுரை, ராமநாதபுரம், திருச்சி, புதுக்கோட்டைப் பக்கத்து சனம் கங்காணி பின்னால் போய்ச் சேர்ந்தது. நூறு வருஷத்துக்கு மேல் அங்கே லயத்து வீட்டில் பிறந்து அங்கேயே செத்தார்கள். 1948ல் இலங்கைக்குச் சுதந்திரம் வந்த கையோடு ஒரு சட்டம் போட்டு, நீங்கள் எங்க நாட்டுக் குடிமக்கள் இல்லை என்றார்கள். 1964 அக்டோபரில் நம்ம பிரதமர் சாஸ்திரியும் அந்த அம்மா சிறிமாவோவும் ஒரு ஒப்பந்தம் போட்டார்கள். மொத்தம் 9,75,000 பேர். அதில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்ளும். மிச்சம் 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டு, 1974ல் ஆளுக்குப் பாதி என்று பிரித்துக்கொண்டார்கள். சந்தையில் கிழங்கு மூட்டை பிரிக்கிற மாதிரிதான். மூட்டையிடம் யாரும் கேட்கவில்லை.

சிலோன்காரர் சொன்னார்: "எழுவத்து மூணு, எழுவத்து நாலுல எங்க தோட்டத்துல பசி அம்மாடி. மாவுக்கு வரிசை. கெழங்கு, கீரை, கெடைச்சதத் தின்னோம். எழுவத்தேழுல அடிச்சாங்க. அதுக்கடுத்த வருசந்தான் நான் கப்பல் ஏறுனேன்." அவர் தலைமன்னாரில் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, அங்கிருந்து ஆட்பிடிக்கிறவன் பின்னால் எங்க மலைக்கு வந்தவர். முதல் வேலை காட்டில் வாட்டில் பட்டை உரிக்கிறது. தோல் பதனிடப் பட்டை போகும், மரம் விஸ்கோஸ் மில்லுக்குப் போகும். வாட்டில் மரத்தடியில் கோணிச்சாக்கும் தகரமும் வைத்துக் குடிசை போட்டுப் பிள்ளைகுட்டிகளோடு இருந்தார்கள். முன்பணத்தைக் காட்டிக் காட்டி வேலை வாங்கினார்கள். எண்பதுகளில்தான் இது கொத்தடிமை முறை என்று வெளியே தெரிந்து, அதிகாரிகள் வந்து, விடுவித்தார்கள். சின்னப் பையனாக மாடு ஓட்டிப் போகும்போது அந்தக் குடிசைகளை நான் பார்த்திருக்கிறேன். அப்போது ஒன்றும் தோன்றவில்லை. காட்டில் இருக்கிறவர்கள், அவ்வளவுதான்.

1973ல் வந்து ஈறை அளந்தார்கள் என்று கட்டுரை சொல்கிறது. 1973ல் பசி என்று இவர் சொல்கிறார். 1977ல் வந்து அளந்தார்கள். 1977ல் அடிதடி. 1983ல் பெரிய கலவரம், 1984ல் கப்பலும் நின்றுபோனது, 1985ல் மறுபடி அளந்தார்கள். 480 பேரில் 1985ல் கையில் சிக்கியவர்கள் 161 பேர். அந்தப் பதினைந்து வருஷத்தில் மலைநாட்டிலிருந்து கப்பல் கப்பலாக சனம் இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்தது. நான் வேறெதுவும் சொல்லவில்லை. இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன்.

ஒன்று மட்டும் கேட்க மறந்துவிடுவேனோ என்று அன்றைக்கே கேட்டேன். 480 பேரும் ஆம்பளை. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறது பொம்பளைகள். அவர்கள் வாயை ஏன் பார்க்கவில்லை? அண்ணன் மகள், "ஒஸ்லோலயும் ஆம்பளைங்கதான் சித்தப்பா, ஒப்பிடணும்ல" என்றாள். சரி. ஆனாலும் பிள்ளை பெற்றவள் பல் எப்படிப் போகும் என்று எங்க அம்மாவைக் கேட்டால் ஒரு புஸ்தகம் சொல்லியிருப்பாள்.

1978ல் முதல் பெரிய கணக்கை எழுதினார்கள். ஒஸ்லோக்காரனுக்குப் பல்லின் பிடிமானம் வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 0.1 மில்லிமீட்டர் இறங்குகிறது. தோட்டத்து ஆளுக்குப் பல் இடுக்கில் 0.3 மில்லிமீட்டர். நாற்பது வயசை நெருங்கும்போது ஒஸ்லோக்காரனுக்கு மொத்தம் ஒன்றரை மில்லிமீட்டர் போயிருக்கிறது, தோட்டத்து ஆளுக்கு நாலரை.

1986ல் வந்த கட்டுரைதான் எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருப்பது. அதில் சொல்கிறது: இந்த ஆட்கள் எல்லாருக்கும் வாய் ஒரே மாதிரி. எல்லார் பல்லிலும் அழுக்கு, காரை. எல்லார் ஈறும் வீக்கம். சொத்தைப் பல் மட்டும் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. அதனால் விழுந்த பல்லெல்லாம் ஈறு நோயால் விழுந்தது.

சொத்தை ஏன் இல்லை என்று நான் கேட்டதற்கு சிலோன்காரர்தான் பதில் சொன்னார். "சீனி எங்கிட்டு இருந்துச்சு? உள்ளங்கையில துளி சீனிய வச்சு நக்கிக்கிட்டு, வெறுந்தேத்தண்ணி குடிப்போம். ஒரு கை சீனி மூணு கோப்பைக்கு வரும்." இப்போது கிளாவரைக் கடையில் தொங்குகிற அஞ்சு ரூபாய் மிட்டாய்ச் சரத்தைப் பாருங்கள். எங்க பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வாயில் பால்பல்லெல்லாம் கறுப்புக் குச்சியாக நிற்கிறது. சிலோன்காரர் பேரனுக்கும்தான்.

இனி முக்கியமான இடம். எல்லார் வாயும் ஒரே அழுக்கு என்றாலும் எல்லாருக்கும் ஒரே மாதிரி கெடவில்லை. நூற்றுக்கு 8 பேருக்கு வேகமாகக் கெட்டது. 81 பேருக்கு நடுத்தரமாக. 11 பேருக்கு ஈறு வீங்கியதோடு சரி, அதற்கு மேல் ஒன்றும் ஆகவில்லை, பல்லும் விழவில்லை.

வேகமாகக் கெட்டவர்கள் கணக்கை அவள் வரிசையாகப் படித்தாள். இருபது வயசிலேயே விழ ஆரம்பிக்கும். முப்பத்தஞ்சு வயசில் 12 பல் போயிருக்கும். நாற்பதில் 20. நாற்பத்தஞ்சில் வாயே காலி.

சிலோன்காரர் விரல் மடக்கிக் கணக்குப் போட்டார். கப்பலில் வரும்போது முன்னால் இரண்டு இல்லை. பட்டை உரிக்கிற காலத்தில் பாதி போச்சு. கொத்தடிமையிலிருந்து விடுவித்தபோது போட்டோ எடுத்தார்களாம், அதில் வாயை மூடிக்கொண்டு நின்றாராம். கடைசிப் பல் மூத்த மகள் கல்யாணத்துக்கு முந்தின வாரம். "நாப்பத்து மூணு இருக்கும்" என்றார்.

அண்ணன் மகள் புத்தகத்தை மூடிவிட்டாள்.

"தாத்தா, உங்க தோட்டத்துக்கு யாராச்சும் வெள்ளக்கார டாக்டருங்க வந்து வாயைப் பாத்தாங்களா?"

"எங்க தோட்டத்துக்கு வரல பாப்பா. பாத்திருந்தா என்னா பண்ணிருப்பாங்க?"

"அளந்திருப்பாங்க."

"அளந்துட்டு?"

அவள் என்னைப் பார்த்தாள். ஆராய்ச்சியின் அடிப்படையே வைத்தியம் படாத வாயில் நோய் தானாக எப்படிப் போகும் என்று பார்ப்பது. கட்டுரையின் தலைப்பிலேயே 'இயற்கையான போக்கு' என்றுதான் இருக்கிறதாம். வைத்தியம் பார்த்துவிட்டால் அது இயற்கையான போக்கு இல்லை.

இந்த இடத்தில் எனக்கு ஒரு பழைய சங்கதி ஞாபகம் வந்தது. பல வருஷம் முன்னால் ஒரு வேளாண் அதிகாரி வந்து என் உருளைக்கிழங்குக் காட்டில் புதுமருந்து சோதனை செய்தார். எட்டுப் பாத்திக்கு மருந்து. ஒரு பாத்தியை மட்டும் விட்டுவிடச் சொன்னார், ஒப்பிட்டுப் பார்க்க. மழை பிடித்தது, கருகல் வந்தது, அந்த ஒரு பாத்தி மூன்று நாளில் தீயில் வெந்த மாதிரி ஆனது. கண்முன்னாலே கருகுகிறது, தெளிப்பான் முதுகில் இருக்கிறது, அடிக்கக் கூடாது. அந்தப் பாத்தி இல்லாவிட்டால் மருந்து வேலை செய்ததா, மழையே வராததால் பிழைத்ததா என்று தெரியாது. அது எனக்கு அப்போதே புரிந்தது. ஆனால் அது என் காடு, நான் சம்மதித்துத்தான் விட்டேன், அடுத்த போகத்தில் அந்த மருந்து எனக்கும் கிடைத்தது. அதோடு அது கிழங்கு.

பல் ஆராய்ச்சியில் இதைவிட மோசமானதும் உண்டு. சுவீடனில் லுண்ட் ஊரில் வீப்பெஹோல்ம் என்று மனவளர்ச்சி குன்றியவர்களை வைத்திருந்த ஆஸ்பத்திரி. 1940களின் கடைசியில் அங்கே இருந்தவர்களுக்குப் பல்லில் ஒட்டுகிற மிட்டாயை வேண்டுமென்றே அடிக்கடி கொடுத்து, பல் சொத்தையாகிறதா என்று பார்த்தார்கள். ஆகியது. சீனியின் அளவைவிட, ஒட்டுகிற இனிப்பை நாள் முழுக்க இடைவிடாமல் தின்பதுதான் பல்லைக் கெடுக்கிறது என்று உலகத்துக்குத் தெரிந்தது அந்த வாய்களால்தான். இன்றைக்கு எந்தப் பல் டாக்டரும் உங்க பிள்ளைக்கு அதைத்தான் சொல்கிறார்.

லூ அப்படிச் செய்யவில்லை. நோயை அவர் கொண்டுவரவில்லை. அவர் வராவிட்டாலும் அந்த 480 பேருக்கு பிரஷ்ஷோ டாக்டரோ வந்திருக்கப் போவதில்லை. அவர்களை நூறு வருஷமாக அப்படி வைத்திருந்தது தோட்டத்துக் கம்பெனிகளும் இரண்டு நாட்டு அரசாங்கமும். இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அவர் கண்டுபிடித்ததால் கோடிக்கணக்கான பேருக்குப் பல் நிலைத்திருக்கிறது என்று அண்ணன் மகள் சொல்கிறாள், நான் நம்புகிறேன். அவர் பிறகு அமெரிக்க அரசாங்கத்தின் தேசியப் பல் ஆராய்ச்சிக் கழகத்துக்கே 1983 முதல் 1994 வரை இயக்குநராக இருந்தார். 2008ல் காலமானார். பெரிய மனிதர்தான்.

ஆனால் ஒரு கணக்கு எனக்கு உறுத்துகிறது. 1965லேயே அவருக்குத் தெரியும், பத்து நாள் விளக்கினால் ஈறு ஆறிவிடும் என்று. அதைக் கண்டுபிடித்ததே அவர்தான். அந்த மாணவர்களுக்கு மூன்று வாரத்தில் பிரஷ் திரும்பி வந்தது. தோட்டத்தில் நோய் தன் போக்கில் போனதைப் பதினைந்து வருஷம் அளந்தார்கள். இருபது வயசில் கம்பியை விட்டு அளக்கும்போது, இந்தப் பையன் அந்த எட்டுப் பேரில் ஒருவன் என்று கம்பியிலேயே தெரிந்திருக்குமே?

"அப்பல்லாம் அந்த விதிமுறைங்க இவ்வளவு கிடையாது சித்தப்பா, இப்ப யாரும் அப்படிப் பண்ண விடமாட்டாங்க. அதனாலதான் அது மாதிரி இன்னொரு ஆராய்ச்சியே உலகத்துல இல்ல" என்றாள். அவள் சொன்னது பதில்தான். ஆனால் அதையே திருப்பிப் படித்தால் என் கேள்வியும்தான்.

அந்த 11 பேரைப் பற்றி நான் நிறைய யோசித்தேன். ஒரே அழுக்கு, ஒரே சாப்பாடு, ஒரே குளிர், ஒன்றும் ஆகவில்லை. பூண்டுக் காட்டில் இதை வருஷா வருஷம் பார்க்கிறேன். ஒரே விதை, ஒரே ஈரம், ஒரு வரிசை அழுகும், பக்கத்து வரிசை கல்லு மாதிரி நிற்கும். அதுவரை டாக்டர்கள், ஈறு வீங்கினால் எல்லாருக்கும் கடைசியில் பல் ஆடித்தான் தீரும் என்று நினைத்திருந்தார்களாம். இல்லை, ஆளைப் பொறுத்தது என்று இந்த ஆராய்ச்சிக்குப் பிறகுதான் அழுத்தமாகத் தெரிந்தது. யார் எந்தக் கூட்டம் என்று கண்டுபிடித்து, வேகமாகக் கெடுகிறவனை முன்கூட்டியே பிடிப்பதுதான் இப்போதைய வைத்தியமாம். எங்க அப்பா சாம்பலில் விளக்கியே எழுபத்தெட்டு வயசில் கரும்பு கடித்துவிட்டுச் செத்தார். அவர் 11 கூட்டம். அவரைப் பார்த்துத்தான் நான் ஏமாந்தேன்.

2010ல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்து ஆட்கள், ராம்சையர் என்பவர் தலைமையில், நாற்பது வருஷம் கழித்து அந்த 480 பேரை மறுபடி தேடினார்கள். பார்க்கக் கிடைத்தவர்கள் 75 பேர். 2017ல் அதையும் கட்டுரையாக எழுதினார்கள். 

இதைச் சொன்னதும் சிலோன்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அந்த எழுவத்தஞ்சு பேரு பேரெல்லாம் போட்டிருக்கா பாப்பா?"

"பேரு போட மாட்டாங்க தாத்தா. நம்பர்தான்."

"இல்ல, எங்க சின்னம்மா மகன் ஒருத்தன் அங்கனயே நின்டுட்டான். வேற தோட்டம். இருக்கானா என்னான்னு தெரியல. அதான் கேட்டேன்."

அவள் போனைத் திறந்து அந்தக் கட்டுரையை மறுபடி மேலிருந்து கீழே தள்ளிப் பார்த்தாள். இருக்காது என்று தெரிந்தேதான் பார்த்தாள். அப்புறம் டார்ச் அடித்து என் வாயைத் திறக்கச் சொல்லி, எஞ்சின பல்லை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தாள். இன்னும் மூன்று ஆடுகிறது, மிச்சத்தைக் காப்பாற்றலாம், காரையை எடுத்தாக வேண்டும் என்றாள்.

தை மாசம் பூண்டு வேலை ஓய்ந்ததும் இரண்டு பேரையும் அவள் காலேஜுக்கே வரச் சொல்லியிருக்கிறாள். எனக்குக் காரை எடுக்க, அவருக்குப் பல் செட்டுக்கு அளவு எடுக்க. இத்தனை வருஷம் ஈறாலேயே மென்றவர், இனிமேல் எதுக்கு என்று முதலில் மறுத்தார். பேரன் கல்யாணப் பேச்சு ஆரம்பித்ததும் சரி என்றுவிட்டார். பஸ் காலையில் ஆறரைக்கு.